பழங்கருவி வாங்கிய வரலாறு

இரசாயனக் கூடத்திற்குக் கருவி வாங்கிய செய்தியைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம் எழுதப் புகுந்தமை நேயர்களிற் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இலக்கணமும் காப்பியமும் கற்பார்க்குக் குழாயோடும் சிலிண்டரோடும் என்ன உறவு என வினவுவாரும் இருப்பர். அவர்க்கு விடை எளிது. கல்லூரியார் பொருள்வசதி குறைந்த மாணவர்க்கு மாலையில் இரண்டு மணி நேரம் வேலை தந்து உதவுகின்றனர். சிலர் நூல்நிலையத்தில் நூல் அடுக்குவர். சிலர் தோட்டத்துச் செடிகளுக்கு நீர் விடுவர். எமக்கு வாய்த்தது இரசாயனப் பகுதியின் அலுவலறை. கடிதம் எழுதுதல், இருப்பேட்டில் வரவு வைத்தல், பேராசிரியர் சொல்வனவற்றைக் குறித்துக்கொள்ளுதல் என்பன எம் பணி. எனவே இச்செயலில் எம் பங்கு எழுதுவோர் பங்கே. ஆயினும் தொடக்கமுதல் உடனிருந்து கண்டோமாதலின், கண்டவாறே கூறுதும்.

வாங்கக் கருதிய கருவியைப் பாடநூல்கள் வாயு வண்ணப்பிரிகைக் கருவி என்னும். ஆய்வுக்கூடத்தார் ‘ஜீ. ஸீ.’ என இரண்டெழுத்தில் முடித்துவிடுவர். நூல்கள் தந்த பெயர் ஒரு வேடிக்கை. ஏனெனில் இக்கருவியில் வண்ணம் யாதும் தோன்றுவதில்லை. ருஷிய நாட்டுத் தாவர நூலறிஞர் ஸ்வெட் என்பார், இலைச்சாற்றைச் சுண்ணப்பொடி நிறைத்த கண்ணாடிக் குழாயில் இறக்கி, பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையமாகப் பிரியக் கண்டு, 1906இல் அம்முறைக்கு ‘நிற எழுத்து’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டார். ஸ்வெட் என்னும் சொல்லுக்கே ருஷிய மொழியில் நிறம் என்பது பொருள். தம் பெயரையே அதனுள் ஒளித்துவைத்தாரோ என்று ஐயுறுவாரும் உளர். பின்னர் 1941இல் மார்ட்டின், சிங் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், பிரிக்கப்படும் பொருளைச் சுமந்து செல்வது நீர்மமாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை, வாயுவாகவும் இருக்கலாமென்று ஒரு கட்டுரையில் எழுதினர். எழுதியதை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. பத்தாண்டிற்கு மேல் காத்திருந்து மார்ட்டின் தாமே, ஜேம்ஸ் என்பாருடன் கூடி, 1952இல் அதனைச் செய்து காட்டினார். நல்ல கருத்துக்கும் இத்துணைக் காத்திருப்பு உண்டு போலும்.

கருவியின் தொழிலைப் பேராசிரியர் எமக்கு ஓர் உவமையால் விளக்கினார். திருவிழா நாளில் நீண்ட கடைத்தெருவின் ஒரு முனையில் நூறு பேரை ஒருசேர விட்டால், அனைவரையும் ஒரே கூட்டந்தான் முன்தள்ளுகின்றதெனினும், அனைவரும் ஒருங்கே மறுமுனை சேரார். கடைகளில் விருப்பமில்லாதார் முதலிற் சேர்வர். வளையற்கடைதோறும் நிற்பார் இறுதியிற் சேர்வர். அதுபோல, ஊசியால் ஏற்றிய சிறுதுளி எண்ணெய், 250 பாகை வெப்பமுடைய புகுவாயில் ஆவியாகி, மெல்லிய குழாயினுள் வாயுவால் உந்தப்படுகின்றது. துளி என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. குழாய் 30 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் உடையது. சுருளாகச் சுற்றி வெப்பப்பெட்டியினுள் தொங்கவிடப்பட்டிருக்கும். அதன் உட்சுவரிற் பூசிய மெல்லிய படலமே கடைத்தெரு. படலத்தின்மேற் பற்றுடைய பொருள் தங்கித் தங்கிச் செல்லும், பற்றற்றது விரைந்தேகும். மறுமுனையில் ஒவ்வொன்றும் ஹைட்ரஜன் சுடரில் எரிய, எரியுங்கால் உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து கருவி தாளில் ஒரு முகடாக வரைகின்றது. முகடு தோன்றும் நேரம் பொருள் இன்னதென்பதற்குச் சான்று. முகட்டின் பரப்பு அதன் அளவு இத்துணை என்பதற்குச் சான்று.

அக்குழாய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழெழுத்தில் எழுதினால் ‘காலம்’ என்றே ஆகின்றது. “காலம் கெட்டுவிட்டது, புதுக் காலம் வாங்கவேண்டும்” என்று ஆய்வுக்கூடத்தார் பேசக் கேட்டு, முதல் வாரத்தில் யாம் சற்றே திகைத்தோம்.

இனி, இக்கருவி நமக்கு எற்றுக்கு என்பது. எம் விடுதியில் அடுத்த அறையில் முதுகலை இரசாயன மாணவர் ஒருவர் உறைகின்றார். யாம் அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவர் தந்தையார் கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூரில் தைலம் காய்ச்சுபவர். நீலகிரிக்கு யூகலிப்டஸ் மரம் வந்தது 1843இல். அதன் இலைகளைச் சேர்த்து, பெரிய வாலையில் இட்டு, நீராவியால் எண்ணெய் வடிப்பது இன்று அங்குப் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. எண்ணெயின் விலை அதிலுள்ள சினியோல் என்னும் பொருளின் அளவைப் பொறுத்தது. மருந்துக்கு ஆகவேண்டின் நூற்றுக்கு 70 பங்கேனும் இருத்தல் வேண்டுமென்பது பிரிட்டிஷ் மருந்துநூலின் விதி. வாங்க வரும் வணிகர் சிறு குப்பியில் மாதிரி கொண்டுபோவார். பத்து நாள் கழித்து வந்து, “ஐம்பத்தைந்துதான் இருக்கிறது” என்பார். அதற்கேற்ப விலையைக் குறைப்பார். அச்சொல் மெய்யோ பொய்யோ, அதனை எதிர்த்துக் கேட்கத் தந்தையாரிடம் இருந்த கருவி மூக்கு ஒன்றே.

அண்ணன் தம் ஆய்வுக்கு அத்தைலத்தையே பொருளாக எடுத்துக்கொண்டார். நம் கூடத்தில் கருவி இன்மையின் மாதிரிகளை வெளியூர்ச் சோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பவேண்டியிருந்தது. மாதிரி ஒன்றுக்குக் கட்டணம் 1,800 ரூபாய். அண்ணனுக்கு வேண்டிய மாதிரிகள் நாற்பது. கணக்கை நேயர்களே போட்டுக்கொள்ளலாம். மூன்று மாதிரிகளோடு பணம் தீர்ந்தது, ஆய்வும் நின்றது.

இந்நிலையில், பழைய மாணவர் குழுவினர் சிலர் இரசாயனப் பகுதிக்கென மூன்று இலக்க ரூபாய் அளித்தனர். புதிய கருவிக்கு வந்த விலைப்புள்ளியோ பதினான்கு இலக்கம். எஞ்சிய பதினொன்று எங்கிருந்து வரும்? பேராசிரியர் இரண்டு நாள் பேசாதிருந்தார். மூன்றாம் நாள் மாலை எம்மை அழைத்து, “பழையது வாங்குவோம், கடிதம் எழுதும்” என்றார்.

பழையதிலும் எதனை வாங்குவது என்பதில் அவர்க்கு முன்னரே ஒரு தெளிவு இருந்தது. ஹியூலட் பாக்கார்டு கம்பெனியார் 1984இல் 5890 என்னும் கருவியையும், 1995இல் 6890 என்பதனையும் வெளியிட்டனர். 1999இல் அக்கம்பெனியின் அளவைக்கருவிப் பகுதி அஜிலண்ட் என்னும் பெயரால் தனியே பிரிந்து, 2007இல் 7890 என்பதனைக் கொணர்ந்தது. இம்மூன்றிலும் புகுவாயிற் பொருத்தும் சிறு உறுப்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவன. ஆதலின் நாற்பதாண்டு முதுமையுடைய கருவிக்கும் இரப்பர் வில்லையும் கண்ணாடிக் குழலும் இன்றும் கடையிற் கிடைக்கின்றன. கணிப்பொறி இல்லாமலே முகப்பிலுள்ள விசைகளைக் கொண்டு இவற்றை இயக்கவும் ஆகும். இதனைப் பேராசிரியர் பெரிதும் மதித்தார். பழங்கருவிகள் பலவற்றை இரும்பு கைவிடுவதில்லையாம்; கணிப்பொறிதான் கைவிடுகின்றதாம். 2014இல் காப்பு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் மென்பொருளோடு, உரிமத்தாள் தொலைந்த நிலையில், பொன்போன்ற கருவிகள் பல கூடங்களில் மேசைக்கு அழகாக நிற்கின்றன என்றார்.

ஏழு இடங்களுக்கு எழுதினோம். நான்கிலிருந்து மறுமொழி வந்தது. ஒருவர் கருவியோடு மற்றோர் உணர்கருவியையும் இலவசமாகத் தருவதாக எழுதியிருந்தார். இலவசம் என்னும் சொல்லைக் கண்டு யாம் மகிழ்ந்தோம். பேராசிரியர் முகம் சுருங்கிற்று. அது லவ்லாக் என்னும் ஆங்கில அறிஞர் 1957 அளவில் கண்டுபிடித்த வகை. பூச்சிமருந்தின் அணுவளவு எச்சத்தையும் காட்ட வல்லது; காற்றுமண்டலத்திற் பரவிய குளிர்பதன வாயுக்களை உலகிற்கு முதன்முதற் காட்டியதும் அதுவே. ஆனால் அதனுள்ளே கதிர்வீசும் நிக்கல் இருக்கின்றது. அக்கதிர் பாதியாகக் குறைய ஏறத்தாழ நூறாண்டு செல்லும். அணுவாற்றல் ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவின்றி அதனை வாங்குதலும் கூடாது, வைத்திருத்தலும் கூடாது, குப்பையில் எறிதலும் கூடாது. “இலவசமாக வருவது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் போகாது” என்று சொல்லி அக்கடிதத்தை ஒதுக்கிவிட்டார்.

உந்து வாயு எதுவென்பதும் அன்றே முடிவாயிற்று. நூல்கள் பலவும் ஹெலியத்தைப் புகழ்கின்றன. 1868 ஆகஸ்டு 18இல் நிகழ்ந்த ஞாயிற்று மறைவின்போது, அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் நின்று நோக்கிய அறிஞர் கண்ட மஞ்சட் கோடே அவ்வாயுவின் முதற்சுவடு. நம் நாட்டு வானிற் காணப்பட்ட பொருளை இன்று பிற நாட்டிலிருந்து பெருவிலை கொடுத்து வருவிக்கின்றோம். நைட்ரஜன் மலிவு, ஆயின் அதனால் நன்கு பிரிக்கவேண்டுமெனின் மெல்லச் செலுத்தவேண்டும், நேரம் இரட்டிக்கும். ‘நேரம் நம்மிடம் உண்டு; பணந்தான் இல்லை’ என்று நைட்ரஜன் தேர்ந்துகொள்ளப்பட்டது.

2024 ஆகஸ்டில் பேராசிரியரும் அண்ணனும் யாமும் முதலிற் சென்றது சென்னைப் புறநகரில் இருந்த ஒரு பழங்கருவி வணிகரிடம். கிடங்கு பெரிது, தரையெல்லாம் கருவிகள். எமக்கெனத் துடைத்து வைத்திருந்த 6890 புதுமணப்பெண் போலப் பொலிந்தது. விலை மூன்று இலக்கத்து நாற்பதினாயிரம். பேராசிரியர், “சுடரை ஏற்றிக் காட்டுங்கள்” என்றார். வணிகர், “இங்கே ஹைட்ரஜன் வைத்துக்கொள்வதில்லை, ஸார், நேற்றுத்தான் பார்த்தோம், நன்றாக வேலை செய்தது” என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். படத்தில் முகடுகள் ஊசிபோல் நின்றன. எந்தக் கருவியின் முகடுகள் அவை என்பதற்குப் படத்திற் சான்றில்லை. கருவியின் பின்புறத்தை அண்ணன் குனிந்து நோக்கினார். அங்கே ஒட்டிய தகட்டில் 120 வோல்ட்டு என்றிருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கருவி. நம் 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் வெப்பப்பெட்டியின் சூடேற்றி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மாற்றித் தருவதாக வணிகர் சொன்னார். அதற்குத் தனி விலை.

அவர் தந்த ஆறு மாத உறுதிப்பத்திரத்தை யாம் வாங்கிப் படித்தோம். பத்திரம் படிப்பது எம் வேலையன்றோ? குழாய் உறுதியில் அடங்காது, உணர்கருவி அடங்காது, மின்பலகைகள் அடங்கா, மென்பொருள் அடங்காது. எஞ்சியது வெளிப்பெட்டி ஒன்றே. திரும்பும் வழியில் பேராசிரியர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், “அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன்; அவர்க்கே தெரியாது என்பதுதான் அச்சம்” என்றார்.

இரண்டாவது இடம் கோயம்புத்தூர். முதியவர் ஒருவர் பல்லாண்டு நடத்திய சிறு சோதனைக்கூடத்தை மூடிவிடக் கருதியிருந்தார். அவரிடம் இருந்தது 5890. அதிலும் இரண்டாம் வரிசை எனப்படுவது. வெளிப்பெட்டி மஞ்சளேறிப் பழுத்திருந்தது. விசைகளில் எழுத்துத் தேய்ந்திருந்தது. முதல் நோக்கில் எமக்கு ஏமாற்றமே. ஆனால் பேராசிரியர் கருவியை நோக்கவில்லை; அதனருகே கயிற்றில் தொங்கிய பதிவேட்டை எடுத்து நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அரைமணி நேரம் அதனையே படித்தார். எந்நாளில் எத்துளி ஏற்றப்பட்டது, எந்நாளில் இரப்பர் வில்லை மாற்றப்பட்டது, எந்நாளில் விசிறியின் மோட்டார் முனகிற்று, அதனை மாற்றியவர் யார் என அனைத்தும் ஒரே கையெழுத்தில், ஒரு நாளும் விடாமல். மோட்டார் பழுதான செய்தியும், ஒருமுறை மாதிரி பாழான செய்தியும், தமக்கே இழுக்காவனவும் அதில் மறையாது எழுதப்பட்டிருந்தன. ஏடுகளைப் பாடம் ஒத்துப்பார்க்கும் பயிற்சி எமக்குச் சிறிது உண்டு. பின்னாளிற் கூட்டி எழுதிய ஏட்டிற்கும் அன்றன்று எழுதிய ஏட்டிற்கும் மையே வேறுபாடு காட்டும். இஃது அன்றன்று எழுதியது.

பேராசிரியர் பதிவேட்டில் ஒன்றை மட்டும் தேடினார் என்பது பின்னர்த்தான் தெரிந்தது. சிலிகன் கலந்த பொருள்களை மிகுதியாக ஏற்றியிருந்தால் அவை சுடரில் எரிந்து வெண்பொடியாக உணர்கருவியில் படியும். அத்தகைய கருவியை வாங்கினால் துடைத்தே வாழ்நாள் கழியும். அவ்வாறு ஏதும் இல்லை. ஏறத்தாழ முழுதும் சமையல் எண்ணெய்களும் கரைப்பான்களுமே.

முதியவர் தாமே எழுந்து வாயுக்களைத் திறந்தார். வெப்பநிலைகள் ஏறும்வரை காத்திருந்து, சுடரேற்றும் விசையை அழுத்தினார். ‘டப்’ என ஒரு மெல்லொலி எழுந்தது. ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எரிகின்றதா இல்லையா என்பதை எங்ஙனம் அறிவது? முதியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடியை எடுத்துப் புகைவாயின்மேற் பிடித்தார். அதன்மேல் மூடுபனி படர்ந்தது. ஹைட்ரஜன் எரிந்தால் நீர் உண்டாகும் என்பதைப் பள்ளியிற் படித்தோம். அந்நீரை அன்றுதான் கண்டோம்.

ஒரே மாதிரியை மும்முறை ஏற்றினார். முகடுகள் தோன்றிய நேரம் மூன்றிலும் நிமிடத்தின் நூற்றில் ஒரு கூற்றளவுக்கு ஒத்தது; கையால் ஏற்றியதாயினும் பரப்புகள் நூற்றுக்கு மூன்றுக்குள் ஒத்தன. யாம் வாங்கிவிடலாம் என்றே எண்ணினோம். அப்போது அண்ணன் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். அது அவர் தந்தையார் காய்ச்சிய தைலம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தைலத்தில் சினியோலோடு லிமோனின் என்னும் பொருளும் சிறிது கலந்திருக்கும். சினியோல் கொதிப்பது ஏறத்தாழ 176 பாகையில். லிமோனின் கொதிப்பதும் ஏறத்தாழ அதே வெப்பத்தில். கொதிநிலை கொண்டு இவற்றைப் பிரித்தல் அரிது. பற்றின் வேறுபாடு கொண்டே பிரிக்கவேண்டும். பொதுவாக வழங்கும் குழாயிலோ அவ்வேறுபாடும் மிகக் குறைவு. வணிகர் காட்டும் சோதனைக் கலவையில் எக்கருவியும் அழகாகவே பிரித்துக் காட்டும். நமக்கு வேண்டியதைப் பிரிக்கின்றதா என்பதன்றோ வினா?

துளி ஏறிற்று. காத்திருந்தோம். முதலிற் பைனினின் முகடு கூராக எழுந்தது. பின்னர் எழுந்த பெருமுகடு ஒன்று. அதன் இடத்தோளில் ஒரு சிறு புடைப்பு. இரண்டும் ஒன்றாய் ஒட்டிக்கிடந்தன. அண்ணன் முகம் வாடிற்று. இவ்வாறு ஒட்டிய முகட்டை அளந்து சொன்னால் லிமோனினும் சினியோற் கணக்கில் ஏறும். வணிகரை மறுக்க அது உதவாது. பேராசிரியரும் முதியவரும் ஒருவரையொருவர் நோக்கினர். குறை கருவியினதா, குழாயினதா? குழாயினதெனின் அது தேய்ந்து மாறும் உறுப்பு. மாட்டுவண்டிக்குக் கடையாணி போல. கருவியினதெனின் வந்த வழியே திரும்பவேண்டியதுதான்.

முதியவர் ஒன்றும் பேசாது உள்ளே சென்று ஒரு காகிதப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதனுள் மற்றொரு வகைப் பூச்சுடைய குழாய்ச்சுருள் ஒன்று, இருமுனையும் அடைக்கப்பட்டு இருந்தது. மெழுகுவகைப் பூச்சு, 240 பாகைக்கு மேல் சூடு தாங்காது, சூட்டில் காற்றுப் பட்டாலோ கெட்டுவிடும். அவர் முன்பிருந்த குழாயைக் கழற்றி, புதியதன் முனையைக் கீறி ஒடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெட்டுவாய் நேராக இருக்கின்றதா என நோக்கி, பிசகியதென மீண்டும் ஒருமுறை ஒடித்தார். விரல்கள் நடுங்கின, ஆயினும் வேலை நடுங்கவில்லை. பொருத்தியபின் உடனே சூடேற்றவில்லை. வாயுவை மட்டும் செலுத்திக் காற்றெல்லாம் வெளியேறவிட்டு, அதன்பின் மெல்லமெல்ல வெப்பத்தை உயர்த்தினார். ஒன்றரை மணி நேரம் சென்றது. அவர் மனைவியார் எங்களுக்குத் தேநீரும் முறுக்கும் கொணர்ந்தார். “இதோடு பேசுகிற நேரம் என்னோடு பேசியிருந்தால் நான் எவ்வளவோ தெரிந்துகொண்டிருப்பேன், தம்பி” என்று எம்மிடம் மெல்லச் சொன்னார். முதியவர்க்கு அது கேட்டது என்றே நினைக்கின்றோம், திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு மீண்டும் துளி ஏறிற்று. இம்முறை முதலில் ஒரு சிறு முகடு எழுந்து அடிக்கோட்டிற்கு முற்றும் இறங்கிற்று. அதன்பின் பெருமுகடு தனியே எழுந்தது. இரண்டுக்குமிடையே கோடு தரையைத் தொட்டது. அண்ணன் அத்தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

விலை பேசிய பகுதி மிகச் சிறிது. முதியவர் 1,90,000 கேட்டார். பேராசிரியர் தாளின் பின்புறத்தில் தமக்குள்ளே கணக்கிட்டார்: சிலிண்டர்கள், அவற்றிற்கு இரட்டைநிலை ரெகுலேட்டர்கள், ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் பிடிக்கும் வடிகள், செம்புக்குழாய், ஊசிகள், தூய சினியோல், வண்டிக்கூலி. கருவியின் விலை இதுவென்றால் கருவி ஓடுவதன் விலை வேறு. இரண்டாவதை எண்ணாது முதலாவதற்கே முழுப்பணத்தையும் கொடுத்த கூடங்களை அவர் கண்டிருக்கின்றார். எழுதிய தாளை அவர் மறைக்கவில்லை. முதியவர் அதனை எடுத்துப் பார்த்து, தாமே 1,75,000 எனத் திருத்தி, மெழுகுக் குழாயையும் ஒரு பெட்டி உதிரியுறுப்புகளையும் சேர்த்துத் தந்தார். பதிவேட்டைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று முதலிற் கேட்டார். சற்று நேரத்தில், “வேண்டாம், அது கருவியோடேயே இருக்கட்டும்” என்றார்.

கருவி வந்து சேர்ந்தது எளிதாக நிகழ்ந்தது. கம்பளியிற் சுற்றிச் சிறு வண்டியில் ஏற்றி, அண்ணன் அதனருகே அமர்ந்து வந்தார். ஓடத் தொடங்கியதோ எளிதன்று. வாயுக்களை இணைத்துச் சுடரேற்றிய நாள்முதல் அடிக்கோடு நேராக நில்லாது மலையேறுவதுபோல் ஏறிக்கொண்டே இருந்தது. துளி ஏதும் ஏற்றாமலே கருவி எதையோ எரித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் எல்லாரும் கருவியையே ஐயுற்றனர். ‘பழையது வாங்கினால் இப்படித்தான்’ என்று தாழ்வாரத்திற் பேசினாரும் உளர். பேராசிரியர் முதியவரைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையிலிருந்து வந்தது ஒரே வினா: “செம்புக்குழாய் எங்கே வாங்கினீர்கள்?” நகரத்தில் குளிர்பெட்டி பழுதுபார்ப்போர்க்கு விற்கும் கடையில் வாங்கியது. அவ்வகைக் குழாயின் உட்புறம் எண்ணெய்ப் பசை இருக்கும். வாயு அதனைச் சிறிது சிறிதாக ஏந்திச் சென்று சுடரில் இட்டது. குழாயைக் கழற்றிக் கரைப்பானால் மும்முறை கழுவி, சூடேற்றி, நைட்ரஜனால் ஊதி உலர்த்தி மீண்டும் பொருத்தினர். மறுநாட் காலையில் அடிக்கோடு கடற்கரைத் தொடுவானம்போல் நேராகக் கிடந்தது.

2025 சனவரியில் தந்தையாரின் தைலம் நம் கூடத்திலேயே சோதிக்கப்பட்டது. தூய சினியோலை முதலில் ஏற்றி அளவு கண்டு, பின்னர்த் தைலத்தை மும்முறை ஏற்றினர். வந்தது நூற்றுக்கு 63. வணிகர் சொன்ன ஐம்பத்தைந்தும் அன்று. மருந்துநூல் வேண்டும் எழுபதும் அன்று. தந்தையார் அவ்வாரம் வந்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்து, “இதைக் காட்டினால் வியாபாரி ஒத்துக்கொள்வாரா, ஐயா?” என்று கேட்டார். பேராசிரியர் மறைக்காது சொன்னார்: நம் கூடம் அரசு ஏற்புடைய சான்று பெற்ற சோதனைக்கூடம் அன்று, அச்சான்று பெறுவதற்கு வேண்டிய செலவும் ஆளும் நம்மிடம் இல்லை, நம் தாள் சந்தையிற் செல்லாது. அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. யாம் எழுதுகோலை மூடிவைத்தோம்.

தந்தையார் தாளை மடிக்காமல் மீண்டும் நோக்கினார். பெருமுகட்டிற்கு வெகுநேரத்திற்குப் பின் தோன்றியிருந்த சிறு முகடுகளைச் சுட்டி, இவை என்ன என்றார். கனமான பொருள்கள், வாலையிலிருந்து மெல்ல வெளிவருவன என்று அண்ணன் சொன்னார். “அப்படியென்றால் கடைசி மணிநேரத்தில் வடிவது இதுதானா?” என்றார் அவர். பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பின் அவ்விருவரும் வாலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினர். இடையிடையே அவர்கள் சொன்னவற்றை எழுதிக்கொள்ள எமக்குத் தாள் போதவில்லை.

சென்ற மாதம் அண்ணன் ஊரிலிருந்து திரும்பியபோது பையில் நான்கு குப்பிகள் இருந்தன. ஒரே வாலையில் ஒரே நாளிற் காய்ச்சியது; முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி, நான்காம் மணி எனத் தந்தையார் தம் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். முதற்குப்பியில் 71 வந்தது, இரண்டாவதில் 62, மூன்றாவதில் 51. முதியவரின் கையெழுத்து முடிந்த பக்கத்திற்கு அடுத்த பக்கத்தில் இவற்றையெல்லாம் நாளும் அழுத்தமும் வெப்பமும் குறித்து எழுதிவருகின்றோம். நான்காம் குப்பியை ஏற்றுமுன் மின்சாரம் நின்றுவிட்டது, அது நாளைக்கு.